கடைசி ரீலில் கரகரா

தலைவலி மாத்திரை கேட்கத்தான் அவர் மருந்துக் கடைக்குப் போயிருப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதும் கடைக்காரர் முகம் மாறிவிடும். "தொண்டை ரொம்பக் கட்டியிருக்கும்மா. இதையும் எடுத்துக்குங்க" என்று இருமல் மருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைப்பார்.

"கட்டலை தம்பி. பொறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்று இவர் அதைத் திருப்பித் தள்ளுவார்.

கடையில் ஆள் மாறும்போதெல்லாம் இந்தக் காட்சி ஒரு தடவை நடக்கும். அதே கடையின் சுவரில் ஒரு பழைய சோப்பு விளம்பரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதில் கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கும் சினிமா நடிகையும் இவர்தான். நெற்றியையும் மூக்கையும் பார்த்து, "நீங்க அவங்க மாதிரியே..." என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. குரலைக் கேட்டதும் "சேச்சே, இருக்காது" என்று அவர்களே முடிவுக்கு வந்துவிடுவார்கள். திரையில் அவர் பேசினால் தேன் சொட்டும் என்று ஊரே சொல்லும். நேரில் பேசினால் தகரத்தைத் தரையில் இழுப்பது போலிருக்கும்.

அந்தத் தேன் இன்னொருவருடையது. நாயகியாகப் பத்துப் பன்னிரண்டு படங்கள், பிறகு அண்ணியாக, அம்மாவாக, நீதிபதியாக, டாக்டராக முப்பதுக்கு மேல். ஒன்றில்கூட அவர் சொந்தக் குரலில் ஒரு 'உம்' கொட்டியது கிடையாது. மற்றபடி சினிமா அவருக்குக் குறை வைக்கவில்லை. பெயர் வந்தது, வீடு வந்தது, நல்ல புருஷனும் அங்கேயேதான் கிடைத்தார். ஆனால் எழுபதைத் தாண்டிய பிறகும் ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் வாயில என் குரல் ஒரு தடவை வரணும். ஒரு வரி போதும்."

வீட்டில் அவருக்குப் பெயர் கரகரா. பிறந்து அழுதபோதே வைத்த பெயராம். இங்கேயும் அப்படியே சொல்லலாம், அவருக்குக் கோபம் வராது.

கரகராவின் அம்மா நெசவு மில்லில் தறி ஓட்டியவர். தறிக்கூடத்துக்குள் போனால் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. வரிசை வரிசையாகத் தறிகள் அடிக்கிற அடியில் குரலுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் மில் பெண்கள் உதட்டால் பேசினார்கள். சத்தமே வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை நன்றாகத் திறந்து, மூடி, குவித்து, எதிரே இருப்பவர் கண்ணால் கேட்கும்படி பேசுவார்கள். ஒருத்தி வீட்டு மாமியார் சண்டை கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு சொல் சிந்தாமல் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். அவருடைய புது வழுக்கையைப் பற்றியும் அதே வழியில்தான் பேச்சு போய்க்கொண்டிருக்கும்.

பல வருஷம் தறி ஓட்டினால் காது மந்தமாகிவிடும். அம்மாவுக்கும் ஆனது. அதனால் வீட்டிலும் உதட்டுப் பேச்சுதான். கரகராவும் அவருடைய தங்கையும் பேசக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். விளக்கை அணைத்துவிட்டால் அம்மாவால் 'கேட்க' முடியாது. எவ்வளவு பெரிய சண்டையானாலும் விளக்கோடு முடிந்துவிடும்.

அப்பா ஒரு நாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வேறொரு ஊரில் வேறொரு குடும்பம் அமைந்துவிட்டது அவருக்கு. காலில் விழுந்தாவது நிறுத்தியிருக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அம்மா விழவில்லை. பெட்டி இடிக்காமல் போவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா தெரு திரும்பியதும் கதவைச் சாத்தி, தலையை வாரிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். கரகராவுக்கு அப்போது எட்டு வயது. இந்தக் காட்சியை யார் கேட்டாலும் அவர் இதே வரிசையில்தான் சொல்வார்: கதவு, தெரு, சீப்பு, ஷிப்டு.

படிப்பு முடிந்ததும் கரகராவும் அதே கூடத்தில் தறிக்கு வந்தார். அடுத்த வருஷமே ஒரு சினிமாக் கம்பெனி பாட்டு எடுப்பதற்காக மில்லை வாடகைக்குப் பிடித்தது. நாயகன் தறிகளுக்கு நடுவே ஓடி வர வேண்டும். பெண்கள் வழக்கம்போல் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கேமராவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, டைரக்டரைக் கையசைத்துக் கூப்பிட்டு, ஒரு தாளில் கிறுக்கிக் காட்டினார்.

"சார், அந்த மூணாவது தறிப் பொண்ணு வாயைப் பாருங்க. ஒண்ணுமே காதுல விழலை. ஆனா ஏதோ நம்மகிட்ட நேர்ல பேசற மாதிரி இருக்கு."

கரகரா அப்போது பேசிக்கொண்டிருந்தது நாலாவது தறியில் நின்ற தங்கையோடு. 'அந்தத் தொப்பைக்காரர் இன்னும் ஒரு அடி வச்சார்னா சட்டை தறியில மாட்டும்' என்பது செய்தி. தொப்பைக்காரர்தான் டைரக்டர். தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் வந்து கேட்டார்: "என்னம்மா சொன்னே இப்போ?"

"ஷூட்டிங் நல்லா நடக்குதுன்னு சொன்னேன் சார்."

டைரக்டர் திரும்பிப் பார்த்தார், பின்னால் ஏதோ ஆண்பிள்ளை பேசிவிட்டான் என்று.

குரல் பரிசோதனையின்போது ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி இரண்டு தட்டுத் தட்டினார். பக்கத்தில் இருந்த உதவியாளர் மெதுவாக, "அது நல்லாத்தான் சார் இருக்கு. பொண்ணு குரலே அப்படித்தான்" என்றார். கம்பெனி முதலாளி ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் யோசித்தார். "முகம் நமக்கு வேணும். குரலை வெளியில பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். கரகராவின் கலை வாழ்க்கை அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. அதே வாக்கியம் அரை நூற்றாண்டு அதற்கு எல்லை கட்டியும் வைத்தது.

வெளியில் பார்த்த குரல், வானொலி நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள். குள்ளம், தடித்த கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட். கரகரா அவரைக் குரலக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார், பிறகு எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. இருவருக்கும் ஆகாது என்று பத்திரிகைகள் அவ்வப்போது கிளப்பிவிட்டன. உண்மையில் அவர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். டப்பிங் தியேட்டரில், ஒரே துண்டுக் காட்சி திரையில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்க, குரலக்கா இருட்டில் நின்றபடி வாய்க்கு வாய் பொருத்துவார். கரகராவின் உதடு அவருக்குப் பிடித்த உதடு.

"மத்தவளுங்க வாயைத் திறந்து காத்து விடறாளுங்க. உன் வாயைப் பார்த்தா வசனத் தாளே வேண்டாம்டி" என்பார்.

"அப்போ நானே பேசிட்டா நீங்களும் வேண்டாமே அக்கா."

"பேசிப் பாரு. தியேட்டர்ல இருக்கிற குழந்தையெல்லாம் எழுந்து அழும்."

படப்பிடிப்பில் அந்தக் கேலி கொஞ்சம் கசப்பாகவே வரும். கரகரா வசனம் பேசினால் எதிரே நிற்கும் நாயகனுக்குச் சிரிப்பு வந்து டேக் வீணாகும். எப்படியும் பிறகு வேறு குரல்தானே என்று டைரக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். "நீ சத்தமே போடாதேம்மா. உதவி டைரக்டர் ஓரமா நின்னு வசனத்தைப் படிப்பான். நீ வாயை மட்டும் அசை." செட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் சொன்னார். கரகரா தலையை ஆட்டினார். மில்லில் கற்ற வித்தை அது, அவருக்குச் சிரமமே இல்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னாராம்: "முகம் கம்பெனிக்கு, குரல் அக்காவுக்கு. மிச்சம் என்னன்னு பார்த்தேன். உதடு இருக்கு."

அந்த உதட்டை அவர் சும்மா விடவில்லை. கூட்டக் காட்சிகளில், வசனம் இல்லாத ஓரங்களில், மில் பெண்களுக்கு மட்டும் விளங்கும் செய்திகள் அவர் வாயிலிருந்து போகும். ஒரு படத்தில் நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்டு அதிர்ந்து நிற்கும் நாயகி, உதட்டால் 'அடுப்பை அணைச்சியா' என்று, படம் பார்க்க வரப்போகும் தங்கையைக் கேட்பது இன்றைக்கும் தெளிவாகத் தெரியும்.

ஆனால் காலடி வசனம் விளையாட்டல்ல.

அவருடைய படங்களில் மிகப் பெரிதாக ஓடியது எது என்றால் இந்தத் தலைமுறைகூட அந்த வசனத்தைச் சொல்லித்தான் அடையாளம் காட்டும். கதை சாதாரணம். தையல் மிஷினில் உழைத்து வீட்டைக் காப்பாற்றுகிற மனைவி. வேறொருத்தியைத் தேடிப் போகிற கணவன். கடைசி ரீலில் அவன் பெட்டியோடு கிளம்புகிறான். அவள் கண்ணீரோடு சொல்ல வேண்டும்: "போகாதீங்க. நான் உங்க காலடியிலேயே கிடக்கிறேன்."

ஒப்பனை அறையில் வசனத் தாளைப் படித்ததும் கரகரா நேராக டைரக்டரிடம் போனார்.

"சார், இவ கெஞ்சுவாளா? வீட்டையே இவதானே தூக்கி நிறுத்தறா."

"ஜனங்க அழணும்மா. இவ கெஞ்சினாத்தான் அவங்க அழுவாங்க."

"எங்கம்மா கெஞ்சலை சார்."

"உங்கம்மா கதையை எடுத்தா டிக்கெட் விக்காதும்மா. போய் நில்லு."

போய் நின்றார். படம் மில் பக்கத்துத் தியேட்டருக்கும் வரும் என்பது அவருக்குத் தெரியும். அங்கே பாதிப் பேருக்குக் காது கேட்காது. குரலக்கா என்னதான் உருகினாலும் அது அவர்களைப் போய்ச் சேராது. அவர்கள் வாயைத்தான் பார்ப்பார்கள். முன் வரிசையில் அம்மா உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்து பிடித்த அம்மாவைப் பார்த்து, மகளின் உதடு 'காலடியில் கிடக்கிறேன்' என்று சொல்ல வேண்டும்.

குளோசப். கேமரா ஓட ஆரம்பித்தது. உதவி டைரக்டர் ஓரத்தில் நின்று உருக்கமாக வசனத்தைப் படித்தார். கரகராவின் கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. உதடு சத்தமில்லாமல் அசைந்தது: 'போங்க. போய்ப் பாருங்க. நான் இல்லாம உங்களால முடியாது. என்னால முடியும்.'

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கெஞ்சினா இப்படிக் கெஞ்சணும்யா" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். ஒரே டேக்.

டப்பிங் தியேட்டரில்தான் அது இடித்தது. 'காலடியிலேயே கிடக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், ஒரு தடவைகூட உதடு ஒட்டாது. திரையில் கரகராவின் உதடு திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தது. குரலக்கா பெப்பர்மிண்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு டைரக்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் கரகராவின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனார்.

"என்னடி சொன்னே அங்க?"

கரகரா சொன்னார்.

குரலக்கா பெப்பர்மிண்டைக் கடித்து விழுங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாத்தான் சொல்லியிருக்கே. ஆனா எனக்குப் பிழைப்பு இருக்கேடி" என்றார். திரும்பிப் போய், உதடு ஒட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு விம்மலை வைத்து அடைத்துவிட்டார். போ-விம்மல்-காதீங்க. அந்த விம்மல்களால்தான் வசனம் அவ்வளவு பிரபலமானது என்பது வேறு கதை. பலகுரல் கலைஞர்கள் மேடை மேடையாக அதைச் செய்து பிழைத்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குரலக்காவும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

படம் ஓடிய ஊரிலெல்லாம் அந்த இடத்தில் ஜனங்கள் அழுதார்கள். மில் பக்கத்துத் தியேட்டரில் மட்டும் விசில் பறந்தது. தியேட்டர் மேனேஜர் கலங்கிப்போய்க் கம்பெனிக்குத் தகவல் அனுப்பினார்: பெண்கள் எல்லாம் அழுகிற கட்டத்தில் கைதட்டுகிறார்கள், ரீலை மாற்றிப் போட்டுவிட்டோமா என்று வந்து பார்க்கவும். கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தார். ரீல் சரியாகவே இருந்தது. "மில்லுக்காரிங்களுக்கு நெஞ்சுல ஈரமில்லை" என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா படம் பார்த்துவிட்டு வந்து கை கால் கழுவினார். மகளை விளக்குக்கு நேராக உட்கார வைத்தார். உதட்டால் சொன்னார்: "கதவைத் திறந்து பிடிச்சதை விட்டுட்டியே."

"கேமராவுல கதவு வரலைம்மா."

"சரி. மத்ததெல்லாம் சரியா இருந்துச்சு."

தனக்கு வந்த விருதுகளையெல்லாம் கரகரா அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார், தூசி தட்டுவது தங்கையின் வேலை. இந்த 'மத்ததெல்லாம் சரி'யை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிக் காட்டுவார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம். ஒவ்வொரு படத்துக்கும் ஒப்புக்கொள்ளும்போது அவர் தவறாமல் ஒரு தடவை கேட்டுவிடுவார்: "இதுல நானே பேசட்டுமா?" நாயகியாக இருந்தபோது, "நாயகிக்கு இந்தக் குரல் பொருந்தாதும்மா" என்றார்கள். சரி, அம்மா வேஷம் வந்ததும் கேட்டார். "ஜனங்களுக்கு உங்க குரல் பழகிப்போச்சே, மாத்த முடியாது" என்றார்கள். பழகியது எவருடைய குரல் என்று அவர் கேட்டார். ஒரு படத்தில் பேய் வேஷம். அதிலாவது விடுவார்கள் என்று நினைத்தார். அதற்கும் வேறு ஆள்.

கேமராவுக்கும் நடிகர்களுக்கும் இடையே அளவு நாடா பிடித்து அலைந்துகொண்டிருந்த உதவியாளர்தான் அவரைக் கட்டிக்கொண்டவர். ஒவ்வொரு தடவையும் முகம் தொங்கி வீட்டுக்கு வருபவரிடம் அவர் சொல்வார்: "விடு. ஊருக்கெல்லாம் டூப்ளிகேட். ஒரிஜினல் எனக்கு மட்டும்தான்." அவர் காலமான பிறகு அந்த ஒரிஜினல் மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்கத்தான் பயன்பட்டது. குரலக்கா இறந்தபோது பத்திரிகைகள் கரகராவின் படத்தோடு இரண்டு வரி போட்டன. கரகரா பத்திரிகை ஆபீஸ்களுக்கு நேரிலேயே போய், "என் படத்தைப் பாதியா வெட்டிட்டு மீதி இடத்துல அவங்க படத்தைப் போடுங்க. வேலை பாதிப் பாதிதான்" என்று சொன்னார். ஒரே ஒரு பத்திரிகை போட்டது.

சென்ற வருஷம் கம்பெனி முதலாளியின் மகள் வீடு தேடி வந்தார். அப்பாவின் பழைய படங்களைச் சுத்தம் செய்து மீண்டும் தியேட்டரில் போடும் வேலையை எடுத்திருப்பவர், அவருக்கே அறுபது வயது. முதல் படமாகக் காலடிப் படத்தைத்தான் எடுத்திருந்தார். "நீங்க வந்து முன்னால உட்காரணும்மா. பூங்கொத்து கொடுத்து மரியாதை செய்யறோம்" என்றார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் படம் ஒரு சுருள், ஒலி ஒரு சுருள். கடைசி ரீலின் ஒலிச் சுருள் ஈரத்தில் பிசின் போல ஒட்டிப்போய்விட்டது. தியேட்டரில் போடும்படியான வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை. குரலக்கா போலவே பேசுகிற ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறோம், அவள் பேசிக் கொடுத்துவிடுவாள் என்றார்.

கரகரா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் பேசறேன்."

முதலாளியின் மகள் ஜன்னலைப் பார்த்தார். "அதில்லைம்மா. ஜனங்க மனசுல அந்தக் குரல் நின்னுபோச்சு. திடீர்னு..."

"திடீர்னு தகரம் விழுந்த மாதிரி இருக்கும்."

"நான் அப்படிச் சொல்லலை."

"நீ சொல்லலை. உங்கப்பா சொன்னார். இப்படித்தான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னார்."

அவர் சங்கடத்தோடு எழுந்து போனார். தங்கை சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் கேட்டிருந்தார். "விடுக்கா. பூங்கொத்தாவது தர்றாங்களே" என்றார் உதட்டால். கரகரா கோப்பைகளைக் கழுவினார். இது கடைசி வாய்ப்பு என்பது இருவருக்கும் தெரியும். இனிமேல் எந்தப் படத்தில் அவர் வாய் வரப்போகிறது?

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. புதிதாகப் பிடித்த குரல்காரப் பெண், ஒலிப்பதிவு அறையிலிருந்து. காலையிலிருந்து அந்த ஒரு குளோசப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். விம்மலை எங்கே வைத்தாலும், பெரிதாக்கிச் சுத்தம் செய்த படத்தில் பொய் பளிச்சென்று தெரிகிறது.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. அந்த இடத்துல நீங்க என்ன சொன்னீங்க? இந்த வாய் வேற ஏதோ பேசுது."

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அதே கேள்வி. கரகரா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒலிப்பதிவு அறையில் அவர் அந்த நாலு வாக்கியத்தைச் சொன்னதும் ஒலிப்பதிவாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். குரல்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளியின் மகள் சிரிக்கவில்லை.

"அம்மா, அந்த வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். நீங்க கெஞ்சறதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கறாங்க."

"சத்தம் இல்லாம ஓட்டச் சொல்லு. என் மூஞ்சியைப் பாரு. கெஞ்சறேனான்னு நீயே சொல்லு."

ஓட்டினார்கள். பெரிய திரையில் இருபத்திரண்டு வயது முகம். கண்ணில் நீர் வழிகிறது. முதலாளியின் மகள் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த முகம்தான் அது. கழுத்து நிமிர்ந்திருந்தது. கண் கணவனின் காலைப் பார்க்கவே இல்லை, நேராக அவன் கண்ணைப் பார்த்தது. குரல் கெஞ்சியதால் முகமும் கெஞ்சியது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"கெஞ்சலை" என்றார் கடைசியில். "முதல்லேர்ந்தே கெஞ்சலையா?"

"முதல்லேர்ந்தே."

"சிரிச்சுட்டாங்கன்னா?"

"நான் முன் வரிசையிலதானே இருப்பேன். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். உன்னை யாரும் கேட்க மாட்டாங்க."

ஒலிப்பதிவாளர் தயக்கத்தோடு ஒன்று கேட்டார்: "இருபத்திரண்டு வயசு முகத்துக்கு இந்த வயசுக் குரல் ஒட்டுமா மேடம்?"

"இருபத்திரண்டுலேயே எனக்கு அறுபது வயசுக் குரல்தான் தம்பி. அது அங்கேயே நின்னுபோச்சு. நான்தான் தாண்டி வந்துட்டேன்."

முதலாளியின் மகள் சிரித்துவிட்டார். "அந்த ரீல் முழுக்க நீங்களே பேசுங்க" என்றார்.

மைக் முன்னால் நிறுத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் முகம் வந்தது. கரகராவின் உதடு திரையோடு இம்மி பிசகாமல் அசைந்தது. காட்சி முடிந்தது. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொத்தானை அழுத்தி, "மேடம், மைக் நல்லா இருக்கு. சத்தம்தான் வரலை" என்றார்.

வாயை மட்டும் அசைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் பழைய வழக்கம் தானாகவே வந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவைக்கு முன் குரல்காரப் பெண் உள்ளே வந்து, அவர் தோளில் கை வைத்தார்.

"அம்மா, இங்க சத்தமா பேசலாம். யாரும் திட்ட மாட்டாங்க."

கரகரா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். விளக்கு எரிந்தது. அந்தப் பழைய தகரம் அறை முழுக்கக் கேட்டது.

படம் போட்ட நாளன்று தியேட்டர் நிறைந்திருந்தது. மத்தியானக் காட்சி. முன் வரிசையில் கரகரா. பின்னால் நாலைந்து வரிசை தள்ளி அவருடைய தங்கை, பழைய தறிக்கூடத்துத் தோழிகள் ஒரு வரிசையை நிரப்பிக்கொண்டு. காதில் மிஷின் மாட்டியிருந்தவர்களும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்கள், சினிமா சத்தம் தலைவலி என்று. குரலக்காவின் தேனில் படம் ஓடியது. ஜனங்கள் பழைய இடங்களில் சிரித்தார்கள், பாட்டுக்குக் கைதட்டினார்கள். கடைசி ரீலுக்கு முன் திரையில் ஒரு வரி வந்தது: 'இனி வருவது நடிகையின் சொந்தக் குரல்.' அரங்கில் சலசலப்பு.

முதல் சொல்லுக்கே எங்கோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவனோடு இன்னும் சிலர். கரகரா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையில் கணவன் பெட்டியை எடுத்தான். கூட்டம் காலடி வசனத்துக்குத் தயாரானது. கூடவே சொல்வதற்காகச் சிலர் வாயைத் திறந்தும் வைத்திருந்தார்கள்.

"போங்க" என்றது திரை. கரகரப்பாக, அவசரமில்லாமல். "போய்ப் பாருங்க. நான் இல்லாம உங்களால முடியாது. என்னால முடியும்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தக் குரலில் அழுகை ஒரு பொட்டுகூட இல்லை. ஆனால் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஜனங்களுக்கு ஒரு கணம் பிடித்தது. அந்த அமைதியை உடைத்துக்கொண்டு பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. வயதான வாயிலிருந்து வந்த விசில், பாதி காற்று. அடுத்து இன்னொன்று. அதன்பிறகு அரங்கம் முழுக்கக் கைதட்டல் எழுந்து, அடுத்த வசனமே யாருக்கும் கேட்காமல் போனது.

கரகரா திரும்பிப் பார்த்தார். திரை வெளிச்சத்தில் மில் வரிசை தெரிந்தது. அத்தனை பெண்களின் உதடுகளும் அதே வசனத்தை மறுபடி சொல்லி ஒன்றாக அசைந்துகொண்டிருந்தன. 'என்னால முடியும்' என்பதில் வந்து மூடின. ஐம்பது வருஷமாக அவர்களுக்கும் மனப்பாடம்.

கைதட்டலுக்கு மேல் கத்த வேண்டிய அவசியம் அந்த அக்காளுக்கும் தங்கைக்கும் கிடையாது. கரகரா உதட்டால் கேட்டார்: "கேட்டுதா?"

தங்கை தலையை ஆட்டினார். வாயை நன்றாகத் திறந்து, மூடி, குவித்துச் சொன்னார்.

"எங்களுக்கு அப்பவே கேட்டுச்சுக்கா. இன்னைக்குத்தான் இவங்களுக்கெல்லாம் கேட்டிருக்கு."